சடை விழுந்தால் என்ன செய்வது?



சடை என்ற சொல்லைத் தமிழர்கள் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு எண்ணெய் தடவி, சீவி, மூன்று கால் எடுத்துப் பின்னிவிடுகிறோமே, அதுவும் சடைதான். சீப்பே படாமல் முடியோடு முடி ஒட்டிக் கயிறு போலத் திரண்டு தொங்குவதும் சடைதான். இன்று நாம் பேசப்போவது இரண்டாவது சடையைப் பற்றி. அது ஏன் விழுகிறது, விழுந்தால் எடுக்கலாமா, வைத்துக்கொள்ள விரும்பினால் எப்படிச் சுத்தமாகப் பேணுவது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சடை புதிய செய்தியன்று. லயத்தில் ஒரு பெண்மணிக்குச் சடை விழுந்தால், "அம்மன் இறங்கியிருக்கிறாள், கை வைக்காதே" என்று மூத்தோர் சொல்வது வழக்கம். பால்மரத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மக்களும் ஈப்போ, புந்தோங், சிலிபின் என்று நகர்ப்புறம் வந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த அச்சம் பெட்டி படுக்கையோடு கூடவே வந்திருக்கிறது. அச்சத்தைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் முடி என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மனிதரின் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்கிறது. தோலுக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர் மட்டுமே. அதனால்தான் முடியை வெட்டும்போது நமக்கு வலிப்பதில்லை. ஒரு முடியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அத்தாப்புக் கூரையில் ஓலைமேல் ஓலை படிந்திருப்பது போலச் சிறு சிறு செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருப்பது தெரியும். செதில்கள் படிந்திருக்கும் வரையில் முடி வழவழப்பாக இருக்கும். வெயில், கடுமையான சவர்க்காரம், சாயம், ஓயாத உராய்வு ஆகியவற்றால் செதில்கள் சிலிர்த்துக்கொண்டால், ஒரு முடி இன்னொரு முடியைப் பற்றிக்கொள்ளும். அதுதான் சிக்கு.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிரும். சீப்பு போட்டால் அவை சீப்போடு வந்துவிடும். சீப்பே போடாவிட்டால் எங்கே போகும்? பக்கத்து முடிகளோடு பின்னிக்கொண்டு தலையிலேயே தங்கிவிடும். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 18,000 முதல் 36,000 முடிகள் வரை ஆகிறது. இந்த உதிர்ந்த முடிகளும் வளரும் முடிகளும் வியர்வை, எண்ணெய், தூசி ஆகியவற்றோடு சேர்ந்து இறுகிப் போவதுதான் சடை. "இவளுக்கு முடி கொட்டவே இல்லை, சடை மட்டும் பருத்துக்கொண்டே போகிறது, இது தெய்வச் செயல்தான்" என்று வியப்பார்கள். முடி கொட்டாமல் இல்லை. கொட்டிய முடி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கிறது, அவ்வளவுதான்.

சடை விழுவதற்குச் சில காரணங்களை எளிதில் கண்டுகொள்ளலாம். காய்ச்சலிலோ வேறு நோயிலோ பல வாரம் படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தலையணையில் உராய்ந்து பிடரி முடி சிக்காகும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்று நாள்கணக்கில் தலைக்கு ஊற்றாமலும் சீவாமலும் விட்டாலும் அப்படியே. பேன் மிகுந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, நீர் வடிந்து காய்ந்தாலும் முடி ஒட்டிக்கொள்ளும். பால் வெட்டுக்குப் போன காலத்தில் தலைத்துணியையும் தாண்டி ரப்பர்ப் பால் முடியில் தெறித்துக் காய்ந்துவிடும். அதைப் பிய்க்க முடியாமல் விட்டுவிட்டால் அந்த இடமே சடைக்கு முளையாகும். அப்படி ஒட்டிய ரப்பரை எடுக்கப் பெட்ரோலோ சாயம் கரைக்கும் திரவமோ தேவையில்லை. தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டால் ரப்பர் ஊதி இளகும். பிறகு விரலாலேயே உருவி எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மனச்சோர்வு நோய். கணவரை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், பிரசவத்திற்குப் பின் மனம் உடைந்தவர் ஆகியோருக்குக் குளிக்கவும் சீவவும் மனமே வராது. வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள், அல்லது சாமி வந்திருக்கிறது என்பார்கள். இரண்டும் தவறாக இருக்கலாம். நன்றாகத் தலைவாரிப் பூ வைத்திருந்த ஒரு பெண் திடீரென்று தலையைக் கவனிக்காமல் விட்டால், அவருடைய மனத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நம் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லியே ஒருவரை ஒருவர் கேலி செய்யும் பழக்கம் இருக்கிறது. அங்கே 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று பகாகியா மருத்துவமனை என்று வழங்கும் மனநல மருத்துவமனை இருப்பதுதான் காரணம். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வெட்கப்படாத நாம், மனநோவுக்கு மருந்து வாங்க வெட்கப்படத் தேவையில்லை. அருகில் உள்ள அரசாங்க சுகாதார நிலையத்தில் சொன்னாலே போதும். மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்பதை அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

சடை நம் இனத்திற்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் போலந்து நாட்டுக் குடியானவர்களிடையே இது பரவலாக இருந்தது. அதை வெட்டினால் குருடாகும், பைத்தியம் பிடிக்கும் என்று அவர்களும் அஞ்சினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிராக்கோவ் நகர மருத்துவப் பேராசிரியர் யூசெப் டியெட்ல், இது தெய்வ சாபமன்று, தலையைப் பேணாததால் வருவது என்று விளக்கிப் பெரும் பிரசாரம் செய்தார். சடையை வெட்டியவர்கள் நலமாகவே இருந்தார்கள். வழக்கமும் மெல்ல மறைந்தது.

நமக்கு நெருங்கிய உதாரணம் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் இருக்கிறது. அங்கும், பக்கத்துக் கர்நாடகத்திலும், பெண்ணுக்குச் சடை விழுந்தால் எல்லம்மா தேவி அழைக்கிறாள் என்று நம்பினார்கள். சிறுமியாக இருந்தால் அவளைத் தேவதாசியாகப் பொட்டுக் கட்டிவிடுவதும் உண்டு. ஒரு தலைச் சிக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திசைமாற்றிவிட்டது. இந்தக் கொடுமையைத் தடுக்கக் கர்நாடக அரசு 1982ஆம் ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் இயற்றியது. மகாராட்டிரத்தில் டாக்டர் நரேந்திர தாபோல்கர் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தினர் ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு சடையை நீக்கினார்கள். புனே நகரில் இந்தப் பணியைச் செய்துவரும் நந்தினி ஜாதவ் அம்மையார் அழகுக்கலைத் தொழில் தெரிந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சடையை அவர் தம் கையாலேயே எடுத்திருக்கிறார். டாக்டர் தாபோல்கர் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டுகளாகப் போராடிய மூடநம்பிக்கைத் தடுப்புச் சட்டம் அதே ஆண்டில் மகாராட்டிரத்தில் நிறைவேறியது.

இங்கே ஒரு கேள்வி எழும். சிவபெருமான் சடையில் கங்கையைத் தாங்கியவர் ஆயிற்றே, சடையப்பன் என்றும் சடையம்மாள் என்றும் நம் முன்னோர் பெயர் வைத்தார்களே, சடையைத் தவறென்று சொல்லலாமா? தவறென்று யாரும் சொல்லவில்லை. துறவிகள் தாமே விரும்பிச் சடை வளர்த்தார்கள். இலங்கையில் கதிர்காமத்து முருகன் அடியார்களிலும் சடை வளர்த்த பெண்கள் பலர் உண்டு. கணநாத் ஒபயசேகர என்ற அறிஞர் அவர்களிடம் நேரில் பேசி, 1981ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். அந்தப் பெண்களின் சடைக்குப் பின்னால் குடும்பத் துயரமும் தனிமையும் எப்படிக் கலந்திருந்தன என்பதை அந்நூல் காட்டுகிறது. விரும்பி வளர்ப்பது வேறு, அச்சத்தால் சுமப்பது வேறு. விரும்பி வளர்ப்பவர் அதைப் பேண வேண்டும். அச்சத்தால் சுமப்பவர் அதை இறக்கி வைக்கலாம்.

இறக்கி வைப்பதற்கு நம் சமயத்திலேயே வழி இருக்கிறது. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சேரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்குச் செல்லுங்கள். குழந்தை முதல் முதியவர் வரை முடி காணிக்கை செலுத்துகிறார்கள். முடியை வளர்ப்பது நேர்த்தி என்றால், அதை இறக்குவதும் நேர்த்திதான். தலைமுடியைத் தந்ததற்காக எந்தத் தெய்வமும் கோபித்துக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆகவே வீட்டில் மூத்தவர்கள் தயங்கினால் சண்டை போட வேண்டாம். கோயிலில் அர்ச்சனை செய்து, காணிக்கையாகவே சடையை எடுத்துவிடலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பெண்மணியின் சம்மதம் மட்டும் கட்டாயம் வேண்டும். தூங்கும்போது வெட்டுவதும், கையைப் பிடித்துக்கொண்டு வெட்டுவதும் கூடவே கூடாது. அது மனத்தில் ஆறாத வடுவை உண்டாக்கும்.

சடையை எப்படி எடுப்பது? புதிதாக விழுந்த சடையாக இருந்தால் வெட்டாமலே பிரிக்கலாம். தேங்காய் எண்ணெய் அல்லது முடியை மிருதுவாக்கும் களிம்பை நன்றாகத் தடவி ஊறவிட வேண்டும். பிறகு விரலால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். வேரிலிருந்து கீழ்நோக்கி இழுத்தால் சிக்கு மேலும் இறுகும். இறுகிய இடத்தில் கத்தரியைக் குறுக்கே வைக்காமல், சடையின் நீளவாக்கிலேயே வைத்து இரண்டு மூன்று கீற்றாகப் பிளந்துகொண்டால் நிறைய முடியைக் காப்பாற்றலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம். பிரிக்கும்போது கைநிறைய உதிர்ந்த முடி வரும். அஞ்ச வேண்டாம், அது பல மாதங்களுக்கு முன்பே உதிர்ந்த முடி. பல ஆண்டுச் சடை கல்போல இறுகியிருந்தால் வெட்டுவதே நல்லது. அதை அனுபவமுள்ள முடிதிருத்துநரிடமோ அழகுநிலையத்தாரிடமோ விடுங்கள். சடை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டு வெட்டுவதற்குப் பழகிய கை வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் முடிதிருத்துநரிடம் போகுமுன் மருத்துவரிடம் போக வேண்டும். சடைக்கு அடியில் துர்நாற்றம், சீழ், இரத்தக் கசிவு, புழு, கழுத்தில் நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவையே அந்த அறிகுறிகள். பிள்ளைகள் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தாலும், கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்தாலும் அது பூஞ்சை நோயாக இருக்கலாம். மேலே தடவும் மருந்து மட்டும் அதற்குப் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். சுகாதார நிலையத்திலிருந்து தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

பேனுக்காக மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். தோல் வெந்து போகும். அடுப்பருகே போனால் உயிருக்கே ஆபத்து. தோட்டத்துப் பூச்சிமருந்து, களைமருந்து ஆகியவற்றைத் தலைக்குக் கொண்டுபோகவே கூடாது. மருந்துக்கடையில் பேனுக்கென்றே விற்கும் பெர்மெத்ரின் மருந்தைத் தடவி, ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். முதல் தடவை தப்பிய ஈர்கள் அதற்குள் பொரித்திருக்கும் என்பதால்தான் இரண்டாம் முறை தேவைப்படுகிறது. ஈரத் தலையில் களிம்பு தடவி, பேன் சீப்பால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் வாரினாலும் பேன் குறையும். ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லாரையும் பார்க்க வேண்டும்.

இனி, சடையை விரும்பி வைத்திருப்பவர்களுக்கு. நேர்த்திக்காக வளர்ப்பவர்களும் உண்டு. அழகுக்காகச் சடை திரித்துக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில் 1930களில் தோன்றிய ராஸ்தபாரி சமயத்தார் சடையைத் தங்கள் நெறியின் அடையாளமாக வளர்த்தார்கள். பாடகர் பாப் மார்லியால் அது உலகமெங்கும் தெரிந்தது. நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாக 1845ஆம் ஆண்டு முதல் இந்தியர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சாதுக்களின் சடைமுடியை அவர்களிடம் பார்த்ததும் இதற்கு ஒரு தூண்டுதல் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேறு சிலர் அது ஆப்பிரிக்க மரபே என்கிறார்கள்.

எந்தச் சடையானாலும் பேணும் முறை ஒன்றுதான். முதலாவது, கழுவுதல். சடைக்குத் தண்ணீர் ஆகாது என்பது தவறான எண்ணம். வாரத்திற்கு ஒருமுறை, அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாவது தலைத்தோல் வரை நுரை சேரும்படி கழுவ வேண்டும். நுரை கொஞ்சமும் தங்காமல் அலச வேண்டும். சீயக்காய்த் தூளும் அரப்பும் வெறும் முடிக்கு நல்லவை. சடையில் அவற்றின் துகள் உள்ளே தங்கிவிடும், ஆகவே நீர்மமான ஷாம்புவே ஏற்றது.

இரண்டாவது, உலர்த்துதல். இதுதான் உயிர்நாடி. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். நனைந்த சடை பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு கொண்டை போட்டால் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாறும். காலையில் கழுவி, துணியால் பிழிந்தெடுத்து, வெயிலிலும் காற்றிலும் நுனி வரை காயவிட வேண்டும். இரவில் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

மூன்றாவது, வேரைப் பிரித்தல். மாதம் ஒரு சென்டிமீட்டர் புதுமுடி வளரும் என்றோம் அல்லவா? அந்தப் புதுமுடி பக்கத்துச் சடையோடு பின்னிக்கொள்ளும். பார்க்காமல் விட்டால் இரண்டு சடை ஒன்றாகி, பிறகு நான்கு ஒன்றாகி, கடைசியில் முழுத் தலையும் ஒரே பலகையாகிவிடும். இதற்காகத்தான் நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறை தொழில் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அவர் ஒவ்வொரு சடையையும் வேரில் பிரித்து, புதுமுடியை விரலாலோ கொக்கி ஊசியாலோ உள்ளே சேர்த்துத் திரிப்பார். தலைத்தோலில் புண், பொடுகு, பேன் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார். நம் கண்ணுக்குத் தெரியாத பிடரிப் பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியும். நினைத்தபோதெல்லாம் திரிப்பதும் கூடாது. அடிக்கடி முறுக்கினால் வேர் மெலிந்து சடையே அறுந்துவிடும்.

நான்காவது, இறுக்கம் கூடாது. திரித்த அன்று நெற்றி வலித்தால், சிறு கொப்புளம் தோன்றினால், இறுக்கம் அதிகம் என்று பொருள். உடனே தளர்த்தச் சொல்லுங்கள். ஓயாமல் இழுபட்டால் நெற்றியோரத்து முடி உதிர்ந்து வழுக்கையாகும். நாள்பட்டால் வேர் செத்து, முடி மீண்டும் முளைக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் இழுபடும்படி இறுக்கிப் பின்னும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். மெழுகும் கெட்டியான எண்ணெயும் சடைக்குள் தங்கித் தூசியைச் சேர்க்கும், அவற்றைத் தவிர்க்கவும். இரவில் வழவழப்பான துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு படுத்தால் உராய்வு குறையும்.

முடிதிருத்தும் நிலையத்தில் ஒன்றை மறவாமல் கேளுங்கள். சவரத்தகடு ஒவ்வொரு தலைக்கும் புதிதாக இருக்க வேண்டும். ஒருவர் தலையில் பட்ட தகடு அடுத்தவர் தலையில் பட்டால், கல்லீரல் அழற்சி போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியாகத் தொற்றக்கூடும். கோயிலில் முடி இறக்கும்போதும் இதே விதிதான். கண்ணெதிரே புதிய தகடு மாற்றச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல தொழிலாளி கேட்காமலே மாற்றுவார்.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சடை சுமக்கும் பெண்மணி ஒருவர் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தலை பாரமாக இருக்கிறதா அக்கா? வலிக்கிறதா?" என்று கேளுங்கள். பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வைத்துக்கொள்ள விரும்பினால் கழுவிக் காயவைக்க உதவுங்கள். எடுக்க விரும்பினால் துணைக்குப் போங்கள். மனம் நொந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.